கொடுத்த உயிரும் எடுக்கப்பட்ட உயிரும்

(நவம்பர் மாதம் இரண்டாம் ஞாயிறன்று செகந்தராபாத்தில் நம் சங்கம் நடத்திய போர் நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



இன்று காலை நம்மில் பாதிப் பேர் சர்ச்சிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறோம். மீதிப் பேர் சமையலை முடித்துவிட்டு, அல்லது இரவு ஷிப்டு முடிந்த கையோடு வந்திருக்கிறோம். இந்துக்களும், கிறிஸ்தவர்களும், இஸ்லாமியர்களும் கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் இது. போரில் செத்தவர்களுக்காக நவம்பர் மாதத்தில் மௌனம் காப்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன வழக்கம். அதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் நாம் எப்படி இந்த ஊருக்கு வந்தோம் என்பதை நினைத்துப் பார்ப்போம். 1798இல் நிஜாமும் ஆங்கிலேயக் கம்பெனியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கம்பெனிப் பட்டாளம் ஐதராபாத் எல்லைக்குள் தங்கியது. 1806இல் அந்தப் பட்டாளம் இருந்த இடத்துக்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்று பெயர் வந்தது. அந்தப் பட்டாளம் மதராஸ் படையைச் சேர்ந்தது. பட்டாளம் எங்கே போனதோ அங்கே அதன் பின்னால் நம் முன்னோர்களும் போனார்கள். சிப்பாயாகப் போனவர்கள் உண்டு. சமையல்காரராக, தண்ணீர் சுமப்பவராக, குதிரைக்காரராக, துணி வெளுப்பவராக, கணக்கெழுதும் முதலியாராக, கான்ட்ராக்டராகப் போனவர்களும் உண்டு. பொல்லாரத்திலும், திருமலகிரியிலும், மாரேட்பள்ளியிலும் இன்றும் தமிழ்க் குரல் கேட்கிறதென்றால் அது அன்று தொடங்கியது. நமக்குப் பின்னால் ரயில்வேக்கும், மில்லுக்கும், கட்டட வேலைக்கும், இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கும் வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் முதல் கால் வைத்தது பட்டாளத்தின் பின்னால்தான்.

இந்த ஊர் மக்கள் செகந்தராபாத்தை இன்றும் லஷ்கர் என்றுதானே சொல்கிறார்கள்? ஆஷாட மாதத்தில் லஷ்கர் போனாலு என்றால் உஜ்ஜயினி மகாகாளி கோயிலில் லட்சக்கணக்கில் கூட்டம். அந்தக் கோயிலைத் தொடங்கியவர் யார் என்று கேளுங்கள். சுரிட்டி அப்பையா என்பார்கள். அவர் ராஜா அல்ல, ஜமீன்தார் அல்ல. பட்டாளத்தில் டோலி தூக்கியவர். 1813இல் பட்டாளத்தோடு உஜ்ஜயினிக்குப் போன இடத்தில், இங்கே காலரா வந்து ஆயிரக்கணக்கில் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர் பிழைத்தால் கோயில் எழுப்புகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டார், 1815இல் திரும்பி வந்து சிலையை வைத்தார் என்பது மரபு. ஒரு டோலி தூக்கியின் பெயர் இருநூறு வருடம் நிலைத்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

தியாகம் என்ற சொல்

போர் நினைவுக் கற்கள் எங்கே இருந்தாலும் அவற்றில் ஒரு சொல் இருக்கும்: தியாகம். உயிரைக் கொடுத்தார்கள், தங்களைப் பலியாக்கினார்கள் என்று எழுதியிருக்கும். இந்தச் சொல் ஆங்கிலேயர் கல்வெட்டுகளுக்கு எங்கிருந்து வந்தது? பைபிளிலிருந்து வந்தது. தான் பிடிபட்ட இரவில், இயேசு தன் சீடர்களோடு உட்கார்ந்து பேசியதை யோவான் எழுதியிருக்கிறார். சிநேகிதர்களுக்காக ஒருவன் தன் உயிரைக் கொடுப்பதற்கு மேற்பட்ட அன்பு எவரிடத்திலும் இல்லை என்பது அந்தப் பேச்சின் கருத்து. முதல் உலகப் போருக்குப் பிறகு எழுந்த ஆயிரக்கணக்கான நினைவுச் சின்னங்களில் அந்த வசனத்தைப் பொறித்தார்கள்.

அந்த இரவில் நடந்ததைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். அதே இரவில்தான் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அதே இரவில்தான், தன்னைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவனைப் பேதுரு வாளால் வெட்டியபோது, வாளை உறையிலே போடு என்று தடுத்தார். தனக்குப் பதிலாக வேறொருவனை அவர் அனுப்பவில்லை. கூட இருந்தவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டுவிட்டுத் தன்னை ஒப்புக்கொடுத்தார். ஆகவே இந்தத் தியாகத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. கொடுப்பவன் தானே மனமுவந்து கொடுக்கிறான். இன்னொருவன் பிழைப்பதற்காகக் கொடுக்கிறான். அடுத்தவன் உயிரை எடுப்பதற்காக அல்ல, தன் உயிரை வைப்பதற்காகப் போகிறான்.

இப்படி யாராவது செய்திருக்கிறார்களா என்றால், செய்திருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்கிறோம்.

ஒருவர் போலந்து நாட்டுப் பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே. 1941இல் ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் சிறை முகாமில் ஒரு கைதி தப்பியதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர், என் மனைவி மக்கள் என்ன ஆவார்கள் என்று கதறினார். கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 14ஆம் தேதி கோல்பே கொல்லப்பட்டார். காப்பாற்றப்பட்ட அந்த மனிதர் 1995 வரை உயிரோடு இருந்தார். 1982இல் ரோமாபுரியில் கோல்பேயைப் புனிதராக அறிவித்தபோது அவரும் அங்கே இருந்தார்.

இன்னொருவர் நம்மவர். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தருகே கண்ணிவெடிகளை அகற்றி வழி ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணி தூண்டப்பட்டுவிட்டது. வெடிக்கச் சில விநாடிகள்தான் இருந்தன. ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. அந்தக் கண்ணியின்மேல் விழுந்து தன் உடம்பால் மூடினார். சுற்றியிருந்த தோழர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவர். எதிரியைக் கொன்றதற்காகக் கொடுத்த விருது அல்ல அது. தன்னைச் சேர்ந்தவர்களைக் காத்ததற்காகக் கொடுத்தது.

ஒருவர் பாதிரியார். மற்றவர் முருகன் பெயரை வைத்துக்கொண்ட நம் ஊர்ச் சிப்பாய். இருவர் செய்ததும் ஒன்றேயன்றோ? ஆகவே இந்த இலட்சியம் சர்ச்சுக்குள் பூட்டிவைத்த சொத்து அல்ல. இதைக் கொண்டாட நமக்குத் தயக்கமில்லை. அவர்களுக்குத் தலை வணங்குவோம்.

சிலுவையில் பதித்த வாள்

ஆனால் தோழர்களே, போரில் செத்த எல்லோருடைய சாவும் இப்படிப்பட்டதா? இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

சென்னை நந்தம்பாக்கத்தில், பூந்தமல்லி போகும் சாலையில், ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வெகு சுத்தமாக இருக்கும். அங்கும், உலகத்தில் இப்படிப்பட்ட தோட்டங்கள் பலவற்றிலும், ஓர் உயரமான கற்சிலுவை நிற்கும். அதற்குத் தியாகச் சிலுவை என்று பெயர். பிளோம்பீல்டு என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. அந்தச் சிலுவையின் முகத்தில் வெண்கலத்தால் ஒரு வாள், முனை கீழ் நோக்கிப் பதித்திருக்கும்.

வாளை உறையிலே போடு என்று சொன்னவரின் சிலுவையில் வாள் எப்படி வந்து ஏறியது? முனை கீழ் நோக்கியிருப்பது போர் முடிந்ததைக் காட்டுகிறது என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் அந்தப் போர் நடந்தபோது மேடையில் நின்று பேசிய பெரியவர்கள் அப்படிப் பேசவில்லை. லண்டன் பேராயராக இருந்த வின்னிங்டன் இங்கிராம், இது ஒரு புனிதப் போர் என்றார். இதில் சாகிறவன் ஒவ்வொருவனும் இரத்தசாட்சி என்று பிரசங்கம் செய்தார். எதிர்ப்பக்கம் ஜெர்மானியச் சிப்பாயின் இடுப்புவாரில் கடவுள் எங்களோடு இருக்கிறார் என்று பொறித்திருந்தது. இரண்டு பக்கமும் அதே சிலுவை; இரண்டு பக்கமும் அதே தியாகம் என்ற சொல். நடுவில் செத்தவன் ஏழை வீட்டுப் பிள்ளை.

தன் உயிரைத் தானே கொடுப்பது ஒன்று. அடுத்தவன் பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டு, அவன் செத்தபின் கொடுத்தான் என்று கல்லில் எழுதுவது வேறொன்று. முன்னது தியாகம். பின்னதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் தாத்தாக்கள் ஏன் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்? இங்கிலாந்து ராஜா மீது கொண்ட பக்தியாலா? சிலருக்குப் பரம்பரைத் தொழில் என்ற பெருமை இருந்திருக்கலாம். பெரும்பாலோர் மழை பொய்த்த வருடத்தில் சேர்ந்தார்கள். மாதா மாதம் சம்பளம், மூன்று வேளை சோறு, கால் சட்டை, பூட்ஸ். வீட்டில் ஒரு வாய் குறையும். மணியார்டர் ஒன்று கூடும். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 13 லட்சத்தை எட்டும். செத்தவர்கள் சுமார் 74,000 பேர். இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். சுமார் 87,000 பேர் செத்தார்கள். அந்தப் போரில் இந்தியா குதிப்பதாக 1939இல் அறிவித்தபோது, நம் தலைவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. வைஸ்ராய் அறிவித்தார், நாடு போரில் இருந்தது. மனமுவந்து கொடுத்தது எங்கே இருக்கிறது இதில்?

இதைச் சொல்லும்போது நம் கூட்டத்திலேயே சில முகங்கள் சுருங்குவதைப் பார்க்கிறோம். என் அப்பா பட்டாளத்தில் செத்தார், அவர் சாவைச் சிறுமைப்படுத்துகிறீர்களா என்று கேட்கத் தோன்றும். அப்படியல்ல, அம்மா. சிறுமை செய்வது நம் நோக்கமல்ல. வயிற்றுக்காகப் போனவன்கூடப் போன இடத்தில் பக்கத்தில் அடிபட்டுக் கிடந்தவனை முதுகில் சுமந்திருப்பான். தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்திருப்பான். அந்த அன்பு அவனுடையது. அதற்கு நாம் சாட்சி சொல்வோம். அந்த அன்பை, அவனை அனுப்பியவர்கள் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்வதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பெயர் இல்லாதவர்கள்

நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும். 1917இல் கல்லறைகளைப் பராமரிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். அதன் கொள்கை உயர்ந்தது. பணக்காரன், ஏழை என்று பாராமல், பதவி பாராமல், இனமும் மதமும் பாராமல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர். ஜெனரலும் சிப்பாயும் பக்கத்துப் பக்கத்தில். கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்ற கிறிஸ்தவ எண்ணம் அதில் இருந்தது. பெயர்கள் என்றென்றும் வாழும் என்ற பொருள் கொண்ட வாசகத்தை அந்தத் தோட்டங்களின் கல்மேடைக்குத் தேர்ந்து கொடுத்தவர் எழுத்தாளர் கிப்ளிங். கண் பார்வை போதாத தன் ஒரே மகனைச் செல்வாக்கைப் பயன்படுத்திப் படையில் சேர்த்துவிட்டவர் அவர். 1915இல் 18 வயதில் அந்தப் பையன் செத்தான். உடல் எதுவென்று தெரியாமலேயே தகப்பனும் கண்ணை மூடினார். அந்தத் தகப்பனின் துக்கத்தை நாம் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் அந்த உயர்ந்த கொள்கை நம்மவர் விஷயத்தில் என்ன ஆனது? ஈராக்கில் பாஸ்ரா நகரில் 40,000 பேருக்கு மேல் நினைவாக ஒரு பெரிய சின்னம் எழுப்பினார்கள். மெசபடோமியா என்று அன்று சொன்ன அந்தப் போர்முனையில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். அந்தச் சின்னத்தின் சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். சிப்பாய்க்கே இந்தக் கதி என்றால், அவனுக்குத் தண்ணீர் சுமந்தவனுக்கு, கோவேறு கழுதை ஓட்டியவனுக்கு, டோலி தூக்கியவனுக்கு, கக்கூஸ் அள்ளியவனுக்கு என்ன கதி? முதல் உலகப் போரில் இந்தியாவில் படைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட தொழிலாளர்கள், துப்பாக்கி பிடிக்காதவர்கள்.

இது நம் மனத்தாங்கல் மட்டுமல்ல. அந்தக் கமிஷனே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து முதலிய இடங்களைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அதற்கு மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ, அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்று எழுதியது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருடம் கழித்துக் கேட்ட மன்னிப்பு, என்றாலும் கேட்டார்.

தியாகம் என்று வாயால் சொன்னார்கள். பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. பலியைப் பெற்றுக்கொண்டவன் பலியானவனின் பெயரைக் கேட்காமல் போனான். இந்த ஒன்றே போதும், அந்தச் சொல்லை அவர்கள் எந்த எடைக்கு விற்றார்கள் என்று தெரிந்துகொள்ள.

தமிழன் இந்த விஷயத்தில் பழைய மரபு உள்ளவன். கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த சாதாரண மறவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரையும் செய்த காரியத்தையும் பொறித்தார்கள். புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கும் கல் உண்டு. நாயைக்கூட நடுகல்லில் பொறித்த ஊர் நம்முடையது. எண்ணிக்கை மட்டும் எழுதிய நடுகல் ஒன்றையும் நாம் கண்டதில்லை.

சயாமுக்குப் போனவர்கள்

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்கள் இன்னொரு கூட்டத்தையும் இன்று நினைக்க வேண்டும். மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போன தமிழர்களைச் சொல்கிறோம். 1942இல் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்தபின், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டியும் பிடித்தார்கள். லாரியில் அடைத்தும் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும், மலேரியாவிலும், பட்டினியிலும், அடியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அதைவிட அதிகம் என்பாரும் உண்டு. அவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள்.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் பட்ட பாடும் கொடியதே. காஞ்சனபுரியில் அவர்களில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது. தியாகச் சிலுவையும் இருக்கிறது. பெயர் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் பெயர் பொறித்த தகடு இருக்கிறது. தமிழனுக்கு அப்படி ஒன்றும் இல்லாமல் இருந்தது. எண்பது வருடம் கழித்து, 2023 மே மாதத்தில்தான், மலேசியத் தமிழர்களின் முயற்சியாலும் தமிழ்நாட்டு அரசின் உதவியாலும் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகாரத்தில் அவர்களுக்கு நடுகல் நட்டார்கள்.

இவர்கள் தியாகம் செய்தார்கள் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. இவர்கள் உயிரைக் கொடுக்கவில்லை. இவர்களிடமிருந்து உயிரைப் பிடுங்கினார்கள். யாருக்காகச் செத்தார்கள்? யாருக்காகவும் இல்லை. கொன்றார்கள் என்று சொல்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. கொலைக்குத் தியாகம் என்று பெயர் வைத்தால், கொன்றவன் கை கழுவிக்கொள்ள நாமே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் ஆவோம். பிலாத்து கை கழுவிய கதை இங்கே சர்ச்சுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இன்றும் மேம்பாலம் கட்டும்போது சாரம் சரிந்து ஒரு கூலியாள் செத்தால், தேச வளர்ச்சிக்காக உயிரைத் தியாகம் செய்தார் என்று யாராவது மேடையில் பேசிவிடுகிறார்கள். அவன் தியாகம் செய்யவில்லை, ஐயா. அவனுக்குப் பாதுகாப்புக் கயிறு கொடுக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக் கை தட்டாதீர்கள்.

இருப்பவர்களுக்கு என்ன கடமை

அப்படியானால் மனமாரப் போய் நின்று செத்தவர்களுக்கு நாம் என்ன செய்வது? பக்கத்து உதாரணத்தைப் பார்ப்போம். 2020 ஜூன் 15ஆம் தேதி இரவு லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்தியப் படைவீரர்கள் செத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கர்னல் சந்தோஷ் பாபு இந்தத் தெலங்கானாவின் சூரியாப்பேட்டைக்காரர். அதே இரவில் செத்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். நாம் பிறந்த மண்ணும் நாம் பிழைக்கும் மண்ணும் ஒரே இரவில் தங்கள் பிள்ளைகளைக் கொடுத்தன. தமிழ்நாட்டு அரசு பழனி குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. தெலங்கானா அரசு தன் ஊர்க்காரரின் குடும்பத்துக்கு 5 கோடி, வீட்டு மனை, மனைவிக்கு உயர்ந்த பதவி என்று அறிவித்ததோடு நிற்கவில்லை. மற்ற 19 குடும்பங்களுக்கும், அவர்கள் எந்த மாநிலமாக இருந்தாலும், தலா 10 லட்சம் என்று அறிவித்தது. ராமநாதபுரத்து விதவைக்கு ஐதராபாத்திலிருந்து ஆறுதல் போயிற்று. இதை நாம் நன்றியோடு சொல்கிறோம்.

ஆனால் ஓர் உயிருக்கு 5 கோடி, இன்னோர் உயிருக்கு 20 லட்சம் என்று மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது சரிதானா? செய்தித்தாளில் பெயர் வந்தவன் குடும்பத்துக்குக் கிடைப்பது, காய்ச்சலில் முகாமிலேயே செத்த சிப்பாயின் குடும்பத்துக்குக் கிடைக்கிறதா? பலி சமம் என்றால் விதவையின் அடுப்பும் சமமாக எரிய வேண்டும். இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டே செய்த காரியங்களில் ஒன்று, தன் தாயை யோவானிடம் ஒப்படைத்தது. சாகிறவன் தன் தாயைப் பற்றிக் கவலைப்பட்டான். கேட்டவன் அந்த நாள் முதல் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். நினைவு என்பது அதுதான். பரேடு மைதானத்து வீருல சைனிக் ஸ்மாரக்கில் மலர்வளையம் வைப்பது ஐந்து நிமிட வேலை. செத்தவன் தாயை வீட்டில் ஏற்றுக்கொள்வது ஆயுள் முழுக்கச் செய்யும் வேலை.

தோழர்களே, இனிக் காரியத்துக்கு வருவோம். இந்தச் சங்கம் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, பெயர். நம் குடும்பங்களில் பலவற்றில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு பித்தளைப் பதக்கமோ, செல்லரித்த டிஸ்சார்ஜ் புத்தகமோ, ஒரு தந்தியோ கிடக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை. பாட்டி சொன்ன ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அதைக் கொண்டு வாருங்கள். பெயர், ஊர், என்ன வேலை செய்தார், எங்கே போனார். சிப்பாய் என்றால் சிப்பாய். சமையல்காரர் என்றால் சமையல்காரர். சயாமுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா என்றால் அதையும் எழுதுவோம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வருகிற நவம்பரில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்போம். பாதிரியாரும் வாசிக்கட்டும், பூசாரியும் வாசிக்கட்டும், இமாமும் வாசிக்கட்டும்.

இரண்டாவது, அடுப்பு. நம் பேட்டைகளில் முன்னாள் படைவீரர் விதவைகள் இருக்கிறார்கள். பென்ஷன் காகிதம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வந்தால் படிக்கத் தெரியாமல் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறார்கள். ஊர் மாறி வந்ததால் தமிழ்நாட்டு அலுவலகம் ஐதராபாத்துக்குப் போ என்கிறது; இங்கே தமிழ்நாட்டுக்குப் போ என்கிறார்கள். படித்த இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு இவர்களுக்காக ஒதுக்குங்கள். படிவம் நிரப்பிக் கொடுங்கள். கூடப் போய் வரிசையில் நில்லுங்கள்.

மூன்றாவது, உண்மை. கொடுத்தவனைக் கொடுத்தவன் என்று சொல்வோம். பிடுங்கப்பட்டவனைப் பிடுங்கப்பட்டவன் என்று சொல்வோம். நாளை யாராவது மேடையேறி, போர் வேண்டும், பிள்ளைகளைக் கொடுங்கள் என்று கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வோம்: உன் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறான்? கிறிஸ்தவ இலட்சியத்தின் உரைகல் இதுதான். தன்னைக் கொடுக்காதவனுக்கு அடுத்தவனைப் பலி கேட்க உரிமை இல்லை.

சுரிட்டி அப்பையாவுக்குத் திரும்பி வருகிறோம் என்று சொன்னோம். அவர் பெயரை அரசாங்கம் கல்லில் பொறித்துக் காப்பாற்றவில்லை. லஷ்கர் மக்கள் தங்கள் வாயில் வைத்துக் காப்பாற்றினார்கள். வருடா வருடம் போனம் சுமக்கும் பெண்கள் தங்கள் மகள்களுக்குச் சொல்லிக் காப்பாற்றினார்கள். ஒரு டோலி தூக்கியின் பெயரை இந்த ஊர் காப்பாற்றியிருக்கும்போது, நம் டோலி தூக்கிகளின் பெயரை நாம் காப்பாற்ற முடியாதா?

இப்போது எழுந்து நிற்போம். இரண்டு நிமிடம் மௌனம். வெறுமனே நிற்க வேண்டாம். உங்கள் குடும்பத்தில் திரும்பி வராத ஒருவரின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நில்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்களைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கும்.